தூங்கிக்கொண்டிருந்த அலையோடி

அம்மாவின் கடையில் எல்லாப் பொருளும் குப்புறத்தான் படுத்திருக்கும். போனோ, டேப்லெட்டோ, கேம் பெட்டியோ, எதுவானாலும் சரி. மேசையில் மெத்தென்று ஒரு நீலத் துணி விரித்திருக்கும். கண்ணாடிப் பக்கம் கீழே இருக்கும்படி அதன்மேல் வைக்க வேண்டும். அப்போதுதான் கை தவறி ஸ்க்ரூ டிரைவர் விழுந்தாலும் கண்ணாடி தப்பிக்கும். இது அம்மா போட்ட சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் அதனாலேயே ஒருநாள் பெரிய வம்பு வந்து சேர்ந்தது.

கடை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்ன அறை. இரண்டு பேர் உள்ளே நின்றால், மூன்றாவது ஆள் வயிற்றை எக்கிக்கொண்டுதான் நுழைய வேண்டும். பழுதான போன்களும் கேம் பெட்டிகளும் அங்கே அம்மாவின் கையால் மறுபடி உயிர் பெறும்.

பத்து வயது சில்லு அந்தக் கடையில் எங்கு வேண்டுமானாலும் புகுந்து புறப்படுவாள். அவ்வளவு சின்ன உருவம். அதனால்தான் அம்மா அவளுக்குச் சில்லு என்று பட்டப்பெயர் வைத்தாள். "உடம்புதான் சின்னது, வாய் இந்தக் கட்டடத்தை விடப் பெரிசு" என்பாள் எதிர்க்கடை வாட்ச் அத்தை.

அன்று பள்ளிக்கூடம் விடுமுறை. சில்லு சாப்பாட்டு டப்பாக்களைக் கழுவிக்கொண்டு வந்தபோது, அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

"சில்லு, ஒரு பார்ட்ஸ் வாங்கணும். மொத்தக் கடைக்குப் போயிட்டு வந்துடறேன். இடது தட்டுல இருக்கறதத் தொடாத. வலது தட்டுல இருக்கறதெல்லாம் வேலை முடிஞ்சது. தொடச்சு வை."

"சரிம்மா."

"யாராவது வந்தா?"

"அம்மா இப்ப வந்துடுவாங்க, உக்காருங்கன்னு சொல்றேன்."

"உக்கார எங்கடி இடம்? நிக்கச் சொல்லு."

அம்மா ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டாள். கடைக்கு இருப்பது ஒரே போன். அதுவும் கடையிலேயே இருந்தது.

வலது தட்டில் எல்லாம் வழக்கம்போல் குப்புறக் கிடந்தன. சில்லு ஒவ்வொன்றாக எடுத்து முதுகைத் துடைத்தாள். ஓரங்களைத் துடைத்தாள். பக்கத்தில் இருக்கும் பட்டன்களை அமுக்கி, 'டிக்' என்று மேலே எழும்பி வருகிறதா என்று பார்த்தாள். கடைசியில் ஒரு கேம் பெட்டி. ஓரமெல்லாம் ஒட்டுப்போட்டு, நன்றாக உழைத்துக் களைத்த பெட்டி. அதையும் துடைத்தாள். பட்டனை அமுக்கினாள். டிக். திரும்பக் குப்புற வைத்தாள்.

கண்ணாடிகளைக் கடைசியில் மொத்தமாகத் துடைப்பதுதான் வழக்கம். அதற்குள் ஒருவர் போன் உறை வாங்க வந்தார். இருக்கிற நிறமெல்லாம் எடுத்துக் காட்டச் சொல்லி, கடைசியில் ஒன்றும் வாங்காமல் போனார். அப்புறம் வாட்ச் அத்தை எதிர்க்கடையிலிருந்தே தன் பல்வலிக் கதையைச் சொல்லி முடித்தாள். அரைமணி நேரம் ஓடிவிட்டது.

பிறகுதான் சில்லு கேம் பெட்டியைத் திருப்பினாள்.

திரையில் வெளிச்சம் இருந்தது. ஒரு கடல் குகை. பாறை இடுக்கில் ஒரு குட்டிப் படகு மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அதன் பாயில் எட்டு ஒட்டுகள்.

"அலையோடி ஒன்பது!" என்று கத்திவிட்டாள் சில்லு.

அலையோடியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். அது ஒரு கேம் வரிசை. சில்லு பிறப்பதற்கு முன்பே முதல் பாகம் வந்துவிட்டது. புதுப் பாகம் வரும்போதெல்லாம், பழைய பாகத்தில் ஓட்டிய அதே படகை அதற்குக் கொண்டுபோகலாம். ஒவ்வொரு பாகம் முடிந்ததும் பாயில் ஓர் ஒட்டு சேரும். சில்லு ஐந்தாம் பாகத்திலேயே முட்டி மோதிக்கொண்டிருக்கிறாள். ஒன்பதாம் பாகத்தைக் கடைக் கண்ணாடிக்குள் பார்த்ததோடு சரி.

விரல் துறுதுறுத்தது. அப்போதுதான் திரையின் மேல் விளிம்பில் ஒட்டியிருந்த சீட்டு கண்ணில் பட்டது. அம்மாவின் கையெழுத்து. 'லாரி டிரைவர். சார்ஜ் ஏறவில்லை. பெட்டி தூங்குகிறது. எழுப்பக் கூடாது!' கீழே ஒரு போன் நம்பர்.

நீட்டிய விரலைச் சில்லு சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

இது இடது தட்டில் இருந்திருக்க வேண்டிய பெட்டி. லாரி டிரைவர் போகும்போது ஆசையாக ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, கைக்கு எட்டிய தட்டில் வைத்திருக்க வேண்டும். இவள் பட்டனை அமுக்கி எழுப்பியிருக்கிறாள். குப்புறக் கிடந்ததால் வெளிச்சம் தெரியவில்லை. அரைமணி நேரமாகப் பெட்டி விழித்துக்கொண்டு, இருந்த சார்ஜைக் குடித்திருக்கிறது.

பேட்டரிப் படத்தைப் பார்த்தாள். ஒரே ஒரு கோடு மிச்சம்.

இன்னொன்றையும் பார்த்தாள். பாய்மரத்தின் உச்சியில் ஒரு சிவப்புக் கொடி. சிவப்புக் கொடி என்றால் 'ஒரே உயிர்' ஆட்டம். ஒருமுறை மூழ்கினால் படகு அவ்வளவுதான், எல்லாப் பாகமும் அழிந்துபோகும். கலங்கரை விளக்கத்துக்குப் போய் விளக்கேற்றினால்தான் சேவ் செய்ய முடியும். நடுவழியில் பெட்டி அணைந்தாலும் மூழ்கியதாகத்தான் கணக்கு.

வாட்ச் அத்தை எட்டிப் பார்த்தாள். "என்னடி, பேயைப் பார்த்த மாதிரி நிக்கற?"

சில்லு மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அத்தைக்குப் பாதி புரிந்தது.

"இதுக்கா இவ்வளவு கலவரம்? பேசாம திருப்பி அந்தத் தட்டுல வச்சிடு. சார்ஜ் தானா போயிடுச்சுன்னு சொல்லிடு. யாருக்குத் தெரியப் போகுது?"

சில்லு ஒரு கணம் யோசித்தாள். உண்மையிலேயே யாருக்கும் தெரியாது. ஆனால் அப்படி வைத்துவிட்டால் இந்தப் படகு செத்துப்போகும். எட்டு ஒட்டுகளையும் மறுபடி பார்த்தாள். கடை போனை எடுத்தாள்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார். உடனே ஒரு குரல் செய்தி அனுப்பினாள்.

"டிரைவர் மாமா, நான் ரிப்பேர் கடைக்காரம்மா பொண்ணு. உங்க பெட்டிய நான் தெரியாம எழுப்பிட்டேன். தப்பு என்னோடதுதான். சார்ஜ் கடைசிக் கோட்டுல இருக்கு. உடனே கூப்பிடுங்க. ப்ளீஸ்!"

காத்திருக்கும் நேரத்தில் சும்மா இருக்கவில்லை. திரையின் வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தாள். நெட் இணைப்பை அணைத்தாள். ஒலியைப் பார்த்தாள், டிரைவரே அதைச் சுத்தமாகக் குறைத்து வைத்திருந்தார். இப்போது எதுவுமே தெரியாத அளவுக்குத் திரை மங்கலாகிவிட்டது. கதவில் தொங்கிய அம்மாவின் மழைக்கோட்டை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு மேசைக்கு அடியில் தவழ்ந்து போனாள். இருட்டில் படகு லேசாகத் தெரிந்தது.

போன் அலறியது.

"பாப்பா! என் படகு உயிரோட இருக்கா?" தடித்த குரல். பின்னால் ஹாரன் சத்தங்கள். "வண்டிய ஓரங்கட்டிட்டேன். சொல்லு, சொல்லு!"

"இருக்கு மாமா. ஆனா கடைசிக் கோடு. திரும்பத் தூங்க வச்சாலும் அம்மா வந்து சரி பண்ற வரைக்கும் தாங்காது. கலங்கரை விளக்கத்துக்குப் போயே ஆகணும்."

டிரைவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நான் ஸ்கூல் படிக்கும்போது ஆரம்பிச்ச படகு பாப்பா அது. ஒரு தடவைகூட மூழ்கினதில்ல."

அவ்வளவு பெரிய குரல் அப்படிச் சின்னதாகிப் போனதைக் கேட்டதும் சில்லுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அழுதால் திரை தெரியாதே! மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"மாமா, உங்களுக்கு வழி தெரியும். எனக்கு ஓட்டத் தெரியும். நீங்க சொல்லுங்க, நான் ஓட்டறேன்."

"நீ எந்தப் பாகம் வரைக்கும் ஓட்டியிருக்க?"

"அஞ்சு... முடிக்கல."

"கடவுளே!" என்றார் டிரைவர். "சரி. வண்டிய எடு."

போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தாள். இடுக்கிலிருந்து படகை மெல்ல வெளியே எடுத்தாள்.

"இப்ப நேரா போ. மெதுவா. முன்னால போற வண்டிய இடிக்காத மாதிரி."

"முன்னால வண்டியே இல்ல மாமா."

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன். இடது பக்கம் ஒரு தட்டைப் பாறை வரும். அதைச் சுத்தித் திரும்பு."

சில்லு கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். "பாறையா? அப்படி எதுவும் இல்லையே?"

"இருக்கும் பாப்பா. வெளிச்சம் குறைச்சிருக்கல்ல, அதான் தெரியல. நீ சுத்தியே போ."

சுற்றிப் போனாள். அப்புறம் வலது, மறுபடி வலது. ஒரு கொண்டை ஊசி வளைவு. டிரைவர் ஒவ்வொரு திருப்பத்துக்கும் "கட் பண்ணு, கட் பண்ணு, ஒடி, நேராக்கு" என்று விரட்டினார். சில்லுவின் உள்ளங்கை வேர்த்து வழுக்கியது. சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

வெளியே யாரோ கேட்டார்கள். "கடையில ஆள் இல்லையா?"

"இருக்காங்க, இருக்காங்க. மேசைக்கு அடியில ஒரு ஆபரேஷன் நடக்குது. அப்புறமா வாங்க!" என்று வாட்ச் அத்தை விரட்டி அடித்தாள். அத்தைக்கும் இப்போது பதற்றம் தொற்றிக்கொண்டிருந்தது.

"நிறுத்து!" என்றார் டிரைவர். "இப்பதான் பெரிய இடம். முன்னால விலாங்கு மீன் தூங்குது. தெரியுதா?"

தெரிந்தது. குகையை அடைத்துக்கொண்டு ஒரு கரிய உடம்பு.

"அது மூச்சை உள்ள இழுக்கும்போது நகர்ந்தா முழுங்கிடும். வெளிய விடும்போது நகரணும். இழுக்கும்போது அசையாம நிக்கணும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் போகணும்."

"ஒலியக் குறைச்சிருக்கே மாமா."

"கூட்டினா சார்ஜ் போயிடும். கூட்டலைன்னா தெரியாது." டிரைவர் குழம்பிப்போனார். "அது இழுக்கறதும் விடறதும் கேக்கறதுக்கு ஒரே மாதிரி இருக்கும். பழகின காதுக்குத்தான் பிரிச்சுத் தெரியும். உனக்கு எப்படிப் புரிய வைப்பேன்?"

சில்லு திரையைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள்.

"எனக்கு எதுக்குப் புரியணும்? நீங்களே கேளுங்க."

ஒலியைக் கொஞ்சமே கொஞ்சம் கூட்டினாள். போனை எடுத்து, பேசும் பக்கத்தைப் பெட்டியின் ஒலித்துளையோடு ஒட்ட வைத்துத் தாடையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஹூம்ம்ம் என்று ஒரு மூச்சுச் சத்தம். அவளுக்கு எல்லாம் ஒன்றுபோலவே கேட்டது.

"ஆகா," என்றார் டிரைவர் மெதுவாக. "கேக்குது. நில்லு... நில்லு... இப்ப போ!"

படகு நகர்ந்தது. விலாங்கின் தாடை பக்கத்தில் வந்தது. பல் ஒவ்வொன்றும் பாய்மரத்தின் உயரம்.

"நில்லு!"

சில்லு விரலை எடுத்தாள். படகின் முன்பக்கம் விலாங்கின் வாய்ப் பக்கம் லேசாக இழுபட்டது. பேட்டரிக் கோடு சிவப்பாக மாறிச் சிமிட்டத் தொடங்கியது.

"மாமா, சிவப்பு ஆயிடுச்சு."

"பேசாத... இப்ப போ. போ, போ, போ!"

வாலைக் கடந்தாள். குகை வாய் திறந்தது. ஒலியை உடனே அணைத்தாள். எதிரே பரந்த கடல். தூரத்தில் நிமிர்ந்து நின்றது கலங்கரை விளக்கம்.

"வெளிய வந்துட்டேன்! கலங்கரை விளக்கம் தெரியுது!"

டிரைவர் லாரிக்குள் என்ன செய்தாரோ தெரியாது, ஹாரன் சத்தம் நீளமாகக் கேட்டது. "அப்படித்தான்! இப்ப வலது பக்கமா கரையோரமாவே போ. நடுவுல வரிசையா பாறை இருக்கும். அதை முழுசா சுத்திட்டுப் போய்..."

"எவ்வளவு தூரம் மாமா?"

"ஒரு பாட்டு கேட்டு முடிக்கற நேரம் ஆகும்."

சிவப்புக் கோடு வேகமாகச் சிமிட்டியது. ஒரு பாட்டு முழுதும் அது தாங்கும் என்று சில்லுவுக்குத் தோன்றவில்லை. கடலை உற்றுப் பார்த்தாள். டிரைவர் சொன்ன பாறை வரிசை எங்கே? நேராகப் பார்த்தால் கலங்கரை விளக்கம் வரை தண்ணீர்தான் இருந்தது. நடுவில் கொஞ்சம் நுரை.

குகையில் தட்டைப் பாறையும் இப்படித்தான் காணவில்லை. இருட்டினால் தெரியவில்லை என்றார் டிரைவர். ஆனால் விலாங்கு தெரிந்தது. பல்கூடத் தெரிந்தது. பாறை மட்டும் ஏன் தெரியவில்லை?

சட்டென்று அவளுக்கு உறைத்தது.

"மாமா! நீங்க ஓட்டினப்ப தண்ணி கீழ இருந்துச்சா?"

"ஆமா. இந்த இடத்துல எப்பவும் தண்ணி வடிஞ்சுதான் இருக்கும்."

"எப்பவும் இல்ல மாமா. நேரம் ஆக ஆகத் தண்ணி ஏறும்ல? மூணாம் பாகத்துலகூட அப்படித்தானே? நான் எழுப்பிவிட்டு அரைமணி நேரம் படகு சும்மாவே நின்னுச்சு. அப்ப தண்ணி ஏறியிருக்கு. பாறையெல்லாம் உள்ள போயிடுச்சு. மேலேயே போயிடலாம்!"

"வேண்டாம் பாப்பா!" டிரைவர் கத்தினார். "உள்ள இருந்தாலும் பாறை பாறைதான். அடி தட்டினா உடைஞ்சிரும். யாரும் அப்படிப் போக மாட்டாங்க."

"யாரும் அரைமணி நேரம் அங்க சும்மா நிக்கவும் மாட்டாங்களே! சின்னப் படகுதான் மாமா. ஆழம் வேண்டாம் அதுக்கு."

படகு அலையில் ஆடிக்கொண்டு காத்திருந்தது. சில்லுவின் விரல் பட்டன்மேல் இருந்தது. அமுக்கவில்லை. இது அவளுடைய படகு இல்லையே.

"மாமா, சுத்திப் போனா கண்டிப்பா அணைஞ்சிடும். மேல போனா தப்பிக்கலாம், உடையவும் செய்யலாம். நீங்கதான் சொல்லணும்."

டிரைவர் மூச்சுவிடுவது கேட்டது.

"நான் ஞாபகத்துல சொல்றேன். நீ கண்ணால பாக்கற," என்றார் கடைசியில். "பாக்கறவங்கதான் ஓட்டணும். போ."

சில்லு பாயை முழுதாக விரித்தாள். நேராக விட்டாள்.

நுரை நெருங்கியது. தண்ணீருக்கு அடியில் பாறைகள் பழுப்பாகத் தெரிந்தன. ஒன்று... இன்னொன்று... படகு அவற்றின் மேல் நிழல்போல் போனது. ஓர் இடத்தில் பெட்டி அவள் கையில் கிடுகிடுவென்று அதிர்ந்தது. அடி தட்டிவிட்டது! சில்லு மூச்சையும் நிறுத்திவிட்டாள். படகு ஒரு பக்கம் சாய்ந்தது, தவித்தது, ஓர் அலை வந்து தூக்கியது, நிமிர்ந்தது.

கலங்கரை விளக்கத்தின் படி. பட்டன். 'விளக்கேற்றவா?' என்று திரை கேட்டது. ஆமாம் என்று அமுக்கினாள். சின்னத் திரி ஒன்று புகைந்தது. சுடர் வந்த மாதிரி...

திரை கறுத்துப்போனது.

"பாப்பா? ஏத்தியாச்சா? பாப்பா!"

"அமுக்கிட்டேன் மாமா," என்றாள் சில்லு. "ஆனா விளக்கு எரிஞ்சுதா, அதுக்கு முன்னாடியே அணைஞ்சுதான்னு தெரியல."

"சரி. நான் வர்றேன்," என்றார் டிரைவர்.

அம்மா திரும்பி வந்தபோது முதலில் பார்த்தது மழைக்கோட்டுக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களை. பையைக் கீழே வைப்பதற்குள் சில்லு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். எதையும் மறைக்கவில்லை. அம்மாவின் முகம் இறுகியது. திட்டப் போகிறாள் என்று சில்லு தலையைக் குனிந்துகொண்டாள்.

"நானும் தட்டைப் பார்த்துட்டுப் போயிருக்கணும்," என்றாள் அம்மா. "நகரு. வெளிச்சத்தை மறைக்காத."

பெட்டியைத் திறந்தாள். ஈயம் பற்றவைக்கும் கோலிலிருந்து மெல்லிய புகை எழுந்தது. பழைய சார்ஜ் துளையை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தாள். மூடும்போது வாசலில் வெளிச்சம் குறைந்தது. நிமிர்ந்து பார்த்தால் லாரி டிரைவர். அவர் நின்றதில் வாசலே அடைபட்டுப்போனது. அவருக்குப் பின்னால் குதிகாலை உயர்த்தி வாட்ச் அத்தை எட்டிப் பார்த்தாள்.

அம்மா ஒயரைச் செருகினாள். சார்ஜ் ஏறத் தொடங்கியது. பட்டனை அமுக்கினாள்.

கடல் வந்தது. 'அலையோடி' என்ற எழுத்து வந்தது. அதற்குக் கீழே ஒரே ஒரு வரி வரும். 'தொடர்க' என்று வந்தால் படகு பிழைத்தது. 'புதிதாகத் தொடங்கு' என்று வந்தால் எல்லாம் போச்சு. சில்லுவால் பார்க்க முடியவில்லை. அம்மாவின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"ஏய் பாப்பா," என்றது தடித்த குரல். "கண்ணைத் திற."

'தொடர்க.'

படகு கலங்கரை விளக்கத்தின் கீழே நின்றிருந்தது. அடியில் ஒரு பலகை கீறியிருந்தது, அவ்வளவுதான். மேலே விளக்கு சுற்றிச் சுற்றி எரிந்தது. சில்லு குதித்த குதியில் ஸ்க்ரூ டப்பா உருண்டது. வாட்ச் அத்தை என்ன ஏது என்று முழுதாகப் புரியாமலேயே கைதட்டினாள். டிரைவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். வியர்வை என்றார். யாரும் நம்பவில்லை.

"சாரி மாமா," என்றாள் சில்லு. "நான் எழுப்பியிருக்கக் கூடாது."

"ஆமா, கூடாதுதான்," என்றார் டிரைவர். "ஆனா இத்தனை நாளா நான் சுத்திச் சுத்தியே போயிட்டிருந்த இடத்துல நேரா ஒரு வழி இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரியும்." பெட்டியை எடுத்து ஒயரோடு அவள் கையில் வைத்தார். "சார்ஜ் ஏறுற வரைக்கும் நான் எங்கயும் போகப் போறதில்ல. அடுத்த தீவு வரைக்கும் நீ ஓட்டு. நான் பக்கத்து சீட்டுல வர்றேன்."

சில்லு அம்மாவைப் பார்த்தாள். அம்மா சிரித்தாள்.

டிரைவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். சில்லு பக்கத்தில் உட்கார்ந்து பாயை விரித்தாள். முதல் அலையே பெரிதாக வந்தது. அவள் சர்ரென்று ஒடித்துத் திருப்பினாள். டிரைவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருடைய வலது கால் மட்டும், அங்கே இல்லாத பிரேக்கை ஓங்கி ஓங்கி மிதித்துக்கொண்டிருந்தது.